தேய்ந்து போவது கீறலா, முதலா?

மளிகை வணிகர்களுக்கான இதழில் கைக்கடிகாரத்துக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். பருப்பு விலை, வரி, உரிமம், முத்திரைக் கட்டணம் என்று எழுத எத்தனையோ விஷயங்கள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் நம் வணிகர் குடும்பங்களில் நல்ல வாட்ச் என்பது மணி பார்க்கும் கருவி மட்டும் அல்ல. மகளுக்குத் திருமணம் பேசினால் மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், வாட்ச் என்றுதான் பட்டியல் எழுதுகிறோம். சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது ராடோ, சீக்கோ, சிட்டிசன் என்று கொண்டு வந்து கொடுத்தது பல வீடுகளில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. கடை நன்றாக நடந்த ஒரு வருடத்தில், வாழ்நாளில் ஒருமுறை என்று எண்ணி ஓமேகாவோ ரோலெக்ஸோ வாங்கியவர்களும் நம்மில் உண்டு. அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் பொருள். கையில் பணம் முடைப்படும்போது விற்றுக் காசாக்கக் கூடிய பொருளும்கூட. ஆகவே அதுவும் நம் முதலில் சேர்ந்ததே.

அந்த முதலை வீட்டில் உட்கார்ந்து நாமே தேய்த்துக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. பாலிஷ் துணி என்கிறார்கள், பசை என்கிறார்கள், கையடக்க மோட்டாரில் பஞ்சுச் சக்கரம் மாட்டிச் சுற்றுவதும் நடக்கிறது. இவை கிடைக்காத வீட்டில் பற்பசை, பித்தளை பாலிஷ், உப்புத்தாள் என்று கைக்குக் கிடைத்ததை எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரம் தேய்த்தால் வாட்ச் புத்தம் புதிது போல மின்னுகிறது. மின்னுவதைப் பார்த்து மகிழ்கிறோம். எதைக் கொடுத்து அந்த மினுமினுப்பை வாங்கினோம் என்று மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கைப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

கீறல் எங்கிருந்து வருகிறது?

முதலில் கீறல் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். 1812-ஆம் ஆண்டில் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். வைரத்துக்கு 10, மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குருந்தக் கல்லுக்கு 9, குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக் கல்லுக்கு 7. கடினமான பொருள் தன்னைவிட மென்மையானதைக் கீறும் என்பதே இதன் அடிப்படை. தெருப் புழுதியிலும் ஆற்று மணலிலும் இருப்பது பெரும்பாலும் இந்த குவார்ட்ஸ்தான். வாட்ச் செய்யும் எஃகு அதைவிட மென்மையானது. எனவே வாட்சைக் கீறுவதற்கு இரும்புக் கம்பி வேண்டியதில்லை. நம் கடை வாசலில் பறக்கும் புழுதியே போதும்.

நம் தொழிலில் இதற்குப் பஞ்சமே இல்லை. மூட்டை இறக்கும்போது சணல் சாக்கின் தூசி, ஷட்டரின் விளிம்பு, தராசுத் தட்டின் ஓரம், கல்லாப்பெட்டியின் மூலை எல்லாமே வாட்சை உரசுகின்றன. எல்லாவற்றையும்விட அதிகம் அடிபடுவது செயினின் பூட்டுதான். மேசையில் கை ஊன்றிக் கணக்கு எழுதும்போது பூட்டுப் பகுதி மேசையின் மேல் கிடந்து உரசிக்கொண்டே இருக்கிறது. எந்த வணிகரின் வாட்சை வாங்கிப் பார்த்தாலும் பூட்டில் மெல்லிய கோடுகள் வலை பின்னியது போல இருக்கும். அது உழைத்தவரின் கைக்கு வந்த அடையாளம். அதைக் கண்டு வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாலிஷ் என்பது என்ன?

இங்கேதான் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். பாலிஷ் போட்டால் கீறல் அழிந்து விடுகிறது, பள்ளம் நிரம்பி விடுகிறது என்று நினைக்கிறார்கள். கீறல் என்பது உலோகத்தில் விழுந்த ஒரு வாய்க்கால். அந்த வாய்க்கால் நிரம்புவது கிடையாது. வாய்க்காலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் வயல் முழுவதையும் வெட்டி இறக்குகிறோம். அதனால் வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பள்ளம் மேலே வரவில்லை. மேடுதான் கீழே இறங்கியது. துணியில் கருப்பாக ஒட்டுகிறதே, அதை அழுக்கு என்று எண்ணித் துடைத்து எறிகிறோம். அதில் பசையோடு கலந்து வந்திருப்பது நம் வாட்சின் உலோகம்.

இதை மற்ற யாரையும்விட நம்மவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். ஈரோட்டில் மஞ்சளுக்குப் பாலிஷ் போடுவதை நாம் அறிவோம். வேகவைத்துக் காயவைத்த விரலி மஞ்சளை உருளையில் போட்டுச் சுற்றினால் மேலிருக்கும் சொரசொரப்பான தோலும் வேரும் உதிர்ந்து பளபளப்பு வருகிறது; எடையும் குறைகிறது. அந்தக் கழிவை விலையில் சேர்த்துத்தான் வியாபாரம் பேசுகிறோம். அரிசியும் அப்படியே. பாலிஷ் கூடக் கூட வெண்மை கூடும், தவிடு போகும், தவிட்டோடு சத்தும் போகும். பளபளப்பு என்பது எங்கேயும் இலவசமாக வருவதில்லை. ஏதோ ஒன்றைக் கழித்துத்தான் வருகிறது. மஞ்சளில் போவது தோல். வாட்சிலோ தோல் என்று தனியாக ஒன்றும் இல்லை, போவது சதை. ஒரு தடவை போனது திரும்ப வராது.

எடைக்கல்லை எடுத்துக்கொள்வோம். பளபளவென்று இருக்க வேண்டும் என்று பித்தளைக் கல்லை நாள்தோறும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்கும் கடையில் அந்தக் கல் நாளடைவில் எடை குறையும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சும்மாவா சொன்னார்கள்? குறைந்த கல்லால் நிறுத்தால் வாடிக்கையாளருக்குச் சரக்குக் குறையும்; நமக்குப் பழி வரும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன்கீழ் 2011-இல் வந்த விதிகளும் எடைக்கற்களை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை இடச் சொல்வதற்கு இந்தத் தேய்மானமும் ஒரு காரணம். கல்லைத் தேய்க்கக் கூடாது என்று அறிந்த நாம், அதைவிடப் பல நூறு மடங்கு விலையுள்ள வாட்சைத் தேய்க்கலாம் என்று எப்படி நினைக்கிறோம்?

எந்த வாட்சில் என்ன போகிறது?

எல்லா வாட்சும் ஒன்றல்ல. வாட்சுக்கு வாட்ச் நஷ்டத்தின் வகையும் வேறுபடும்.

தங்கமுலாம் பூசிய வாட்சை முதலில் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதுவே அதிகம். பழைய வாட்சுகள் பலவற்றின் பின்மூடியில் 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று முலாமின் கனம் பொறித்திருக்கும். 10 மைக்ரான் என்றால் 1 மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் பருமனைவிடவும் மெல்லியது. நகம் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கீறல் இருந்தால் அது பெரும்பாலும் முலாமைத் தாண்டி உள்ளே போயிருக்கும். அதைத் தேய்த்து எடுக்க முனைந்தால் கீறல் இருந்த இடத்தில் அடியிலுள்ள பித்தளையோ எஃகோ பல்லைக் காட்டும். கருப்புப் பூச்சு உள்ள வாட்சுகளில் பூச்சின் கனம் இதைவிடவும் குறைவு. அங்கே பாலிஷ் துணிக்கு வேலையே கிடையாது.

எஃகு வாட்ச் கெட்டியானது, அதற்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். நல்ல வாட்சுகளில் பெரும்பாலும் 316எல் என்ற வகை எஃகு இருக்கும். ரோலெக்ஸ் நிறுவனம் 1985 முதல் 904எல் என்ற வகையைக் கேஸ் செய்யப் பயன்படுத்தத் தொடங்கியது. இவை துருவை எதிர்ப்பதில் சிறந்தவை. கீறலை எதிர்ப்பதில் அல்ல. மேலும் எஃகு வாட்சில் இரண்டு விதமான முகப்பு உண்டு. ஒன்று கண்ணாடி போல மின்னுவது. மற்றொன்று ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும் மங்கலான முகப்பு. தயாரிப்பவர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து, நடுவில் கூரான விளிம்பு ஒன்றைத் தீட்டி வைக்கிறார்கள். வாட்சின் அழகே அந்த விளிம்பில்தான் இருக்கிறது. வீட்டுப் பாலிஷ் துணிக்கு இந்த வேறுபாடு தெரியாது. மங்கலான இடத்தையும் மினுக்கி விடும். விளிம்பை மழுக்கி விடும். பத்து தடவை தேய்த்த வாட்ச், பல காலம் சப்பிய கற்கண்டு போல மொழுமொழு என்று ஆகி விடும். ஸ்ட்ராப் மாட்டும் காதுகள் மெலியும்.

முழுத் தங்க வாட்ச் என்றால் 18 காரட். அதில் நூற்றுக்கு 75 பங்கு தங்கம். பொற்கொல்லர் பட்டறையில் கூட்டிய குப்பையைக்கூட வீணாக்காமல் சேர்த்து வைப்பார்கள். அதில் தங்கத் தூள் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நாமோ அதே தூளைத் துணியில் துடைத்து வெளியே போடுகிறோம்.

ராடோ கதை வேறு. 1962-இல் வந்த டயஸ்டார் என்ற ராடோ வாட்சின் கேஸ் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆனது. தச்சர்களும் இரும்புப் பட்டறைக்காரர்களும் வெட்டும் கருவிகளின் முனைக்குப் பயன்படுத்தும் பொருள் அது. சாதாரணமாக அதில் கீறலே விழாது. விழுந்து விட்டால் வீட்டில் உள்ள எந்தப் பசையும் அதை அசைக்காது. ஆனால் செயினிலும் பூட்டிலும் சாதாரண எஃகு இருக்கும் ராடோக்கள் உண்டு. கேஸைத் தேய்க்கப் போய் செயினை மழுக்கியதுதான் மிச்சமாகும்.

கண்ணாடியிலும் மூன்று வகை. பழைய வாட்சுகளில் இருப்பது பிளாஸ்டிக் வகைக் கண்ணாடி. அடுத்தது சாதாரணக் கண்ணாடி. விலை உயர்ந்தவற்றில் இருப்பது சபையர் என்னும் செயற்கை நீலக்கல். பிரான்ஸ் நாட்டின் வெர்னாய் என்ற விஞ்ஞானி 1902-இல் செயற்கைக் குருந்தக் கல் செய்யும் முறையை அறிவித்தார். அந்த வழியில் வந்தது இது. கடினத்தன்மை 9 என்பதால் புழுதி அதைக் கீறாது. சில சபையர் கண்ணாடிகளின் மேல் ஒளி எதிரொலிக்காமல் இருக்க மெல்லிய பூச்சு இருக்கும். கீறல் என்று நாம் காண்பது பல சமயம் அந்தப் பூச்சின் கோடுதான். தேய்த்தால் பூச்சு திட்டுத் திட்டாகப் போய், இருந்ததைவிட அசிங்கமாகும்.

முத்திரை போனால் மதிப்புப் போகும்

இரும்பு எடைக்கல்லின் அடியில் ஈயத்தில் அடித்த முத்திரை அழிந்து விட்டால், கல் எவ்வளவு சரியான எடையாக இருந்தாலும் கடையில் வைத்து நிறுக்க முடியாது. வாட்சுக்கும் அப்படி முத்திரைகள் உண்டு. பழைய ரோலெக்ஸ் வாட்சுகளில் வரிசை எண்ணை ஸ்ட்ராப் மாட்டும் காதுகளுக்கு நடுவே பொறித்திருப்பார்கள். சுவிட்சர்லாந்தில் தங்க வாட்சுகளுக்கு அரசு முத்திரை உண்டு. 1995 முதல் அது நாய்த் தலை உருவம். அதற்கு முன் 18 காரட் தங்கத்துக்குப் பெண் தலை உருவம் இருந்தது. இந்த எண்ணும் முத்திரையும் வாட்சின் பிறப்புச் சான்றிதழ் போல. தேய்க்கத் தேய்க்க முதலில் மங்குவது இவைதான்.

நமக்குத் தெரிந்த வணிகர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். ஒரு லோடு சரக்குக்குப் பணம் கட்ட வேண்டிய கெடு நெருங்கி விட்டது. வரவேண்டிய பாக்கிகள் வரவில்லை. தகப்பனார் விட்டுச் சென்ற வெளிநாட்டு வாட்சை விற்பது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு முடிவு செய்தார். கல்லூரியில் படிக்கும் மகன், அப்பாவுக்கு நாலு காசு அதிகம் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், முதல் நாள் இரவு உட்கார்ந்து உப்புத்தாளும் பசையும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்தான். சென்னையில் பழைய வாட்ச் வாங்குபவர் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து ஒரு நிமிடம் பார்த்து விட்டு, "அண்ணாச்சி, இதை யார் தேய்ச்சது? நம்பரே படிக்க முடியலையே" என்றாராம். விளிம்புகள் போய் விட்டன, எண் மங்கி விட்டது, வாங்கினால் அடுத்தவருக்கு என்ன சொல்லி விற்பேன் என்று கேட்டு, முன்பு போனில் சொன்ன விலையில் பாதிகூடத் தர மறுத்து விட்டார். நம் நண்பர் வாட்சைத் திருப்பிக் கொண்டு வந்து, வட்டிக்கு வாங்கித்தான் அந்தக் கெடுவைச் சமாளித்தார். கீறலோடு கொண்டு போயிருந்தால் சொன்ன விலை கிடைத்திருக்கும். ஒரு இரவில் தேய்ந்து போனது ஒரு லோடு சரக்கின் பணம்.

வாட்ச் சேகரிப்பவர்களின் சந்தையில் இதுவே வழக்கம். தேய்க்காத கேஸ் என்றால் விலை கூடுதல். கூரான விளிம்பு இருந்தால் விலை கூடுதல். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு ரோலெக்ஸ் டேட்டோனா வாட்ச் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்நாளில் கைக்கடிகார ஏலத்தில் அதுவே மிக உயர்ந்த விலை. அது தங்க வாட்ச் அல்ல, எஃகு வாட்ச். பால் நியூமன் என்ற ஹாலிவுட் நடிகர் பல ஆண்டுகள் அணிந்து பழகியது. கார்ப் பந்தயத்தில் ஈடுபட்ட அவருக்கு, கவனமாக ஓட்டும்படி அவர் மனைவி சொன்ன வார்த்தைகள் அதன் பின்மூடியில் பொறித்திருந்தன. யாரேனும் ஒரு புண்ணியவான் அந்தப் பின்மூடியைப் புதிதாக்குகிறேன் என்று தேய்த்து எழுத்தை எடுத்திருந்தால், அதுவும் ஆயிரத்தில் ஒரு பழைய வாட்சாகப் போயிருக்கும். நம் வாட்சுக்கு அந்த விலை வரப்போவதில்லை. ஆனால் அப்பாவின் பெயரோ திருமணத் தேதியோ பொறித்த பின்மூடி நம் வீட்டிலும் இருக்கலாம். அதற்கு நம் வீட்டில் உள்ள விலையை யார் போட முடியும்?

மறுப்பவர்களுக்குப் பதில்

நம் பொருள், நம் விருப்பம், விற்கப் போவதும் இல்லை; மின்னினால் நமக்குச் சந்தோஷம், இதில் அடுத்தவருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விலை குறைந்த வாட்சாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் விற்பதில்லை என்று இன்று சொல்பவர் நாளை என்ன நிலையில் இருப்பார் என்பதை வணிகம் செய்யும் நாம் சொல்லிவிட முடியாது. நாம் விற்காவிட்டாலும் பிள்ளைகளுக்குத் தேவைப்படலாம். பரம்பரைப் பொருளுக்கு நாம் காவல்காரர்தான். முழு உரிமையாளர் அல்ல.

நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலும் பாலிஷ் போடுகிறார்களே, அது மட்டும் சரியா என்பது அடுத்த கேள்வி. அங்கே உள் இயந்திரத்தையும் கண்ணாடியையும் செயினையும் தனித்தனியாகக் கழற்றி விட்டு, கேஸை மட்டும் எடுத்து, எந்த முகப்புக்கு எந்தச் சக்கரம் என்று பார்த்துச் செய்கிறார்கள். ஆழமான பள்ளத்துக்கு லேசர் மூலம் உலோகத்தை ஊற்றி நிரப்பிப் பிறகு சமன் செய்யும் வசதியும் சில இடங்களில் உண்டு. வீட்டில் முழு வாட்சாக வைத்துத் தேய்க்கும்போது பசையும் தூளும் சாவியின் இடுக்கிலும் பின்மூடியின் ரப்பர் வளையத்திலும் போய்ச் சேருகின்றன. தண்ணீர் புகாமல் காப்பது அந்த வளையம்தான். இருந்தாலும் அங்கேயும் போவது உலோகமே. ஆகவே சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பாலிஷ் வேண்டுமா வேண்டாமா என்று முதலிலேயே சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்க வேண்டும். சொல்லாமல் விட்டால் சர்வீஸோடு சேர்த்துப் பாலிஷும் போட்டு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எண்ணெய் மாற்றவும் ரப்பர் வளையம் மாற்றவும் கொடுத்த வாட்ச் இளைத்துத் திரும்பி வரக் கூடாது.

வீட்டில் எதுவுமே செய்யக் கூடாதா என்றால், செய்யலாம். பழைய வாட்சின் பிளாஸ்டிக் கண்ணாடியில் உள்ள மெல்லிய கோடுகளை, சுற்றியுள்ள உலோகத்தில் காகித டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு, அதற்கென்று உள்ள பசையால் மெல்லத் தேய்த்தால் தெளிவாகும். அந்தக் கண்ணாடி தேய்ந்து போனாலும் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம். கேஸை மாற்ற முடியாது. வேறுபாட்டை மனதில் வைத்தால் போதும்.

கீறலைப் போக்குவதைவிட அழுக்கைப் போக்குவது முக்கியம். மின்னாத வாட்சுகளில் பாதிக்குக் காரணம் கீறல் அல்ல, வியர்வையும் தூசியும் சேர்ந்த படிவம். தண்ணீர் புகாத வாட்ச் என்றால் சாவியை நன்றாக அழுத்தியோ திருகியோ மூடி விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, மிருதுவான பிரஷ்ஷால் செயினின் இடுக்குகளைத் துலக்கி, நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தோல் ஸ்ட்ராப் இருந்தால் கழற்றி விட வேண்டும். ரப்பர் வளையம் மாற்றிப் பல வருடமான பழைய வாட்சைத் தண்ணீரில் காட்டவே கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கும் முன் தூசியை ஊதியோ தட்டியோ விட வேண்டும். இல்லாவிட்டால் துணியோடு சேர்ந்து மணலும் உரசும், துடைத்ததே கீறலாகும்.

மளிகைக் கடைக்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பு மூட்டையைத் தொட்ட கையோடு வாட்சை விட்டு விடக் கூடாது. உப்பு எஃகில் புள்ளி புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி இருந்தால் செயின் இடுக்கில் ஊசி முனை போலப் பள்ளம் விழுந்திருக்கும். புளியின் பிசுக்கும் அப்படியே. கை கழுவும்போது வாட்சையும் துடைத்து விடுவது நல்லது. அதைவிட நல்லது, சரக்கு ஏற்றி இறக்கும் நாளில் விலை குறைந்த ஒரு குவார்ட்ஸ் வாட்சைக் கட்டிக்கொள்வது. ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை வந்த பிறகு நல்ல வாட்சுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய் விட்டது. உழைக்க ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை

பழைய வாட்ச் வாங்கும் அன்பர்கள் சந்தையில் சரக்கு வாங்கும் புத்தியை அங்கேயும் வைத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கும் பருப்பைக் கண்டால் சாயமோ என்று கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறோம் அல்லவா? 40 வருடப் பழைய வாட்ச் நேற்றுச் செய்தது போல மின்னினால், அந்த மினுமினுப்புக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். இரண்டு பக்கத்துக் காதுகளும் ஒரே கனமா, விளிம்பு கூராக இருக்கிறதா, எண் தெளிவாகப் படிக்க முடிகிறதா, மங்கலாக இருக்க வேண்டிய இடம் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். விற்பவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறோம்: தேய்த்து மறைத்து விற்பது, கல்லைத் தேய்த்து நிறுப்பதற்குச் சமம். கீறலைக் காட்டி விற்றால் விலையில் சிறிது குறையலாம், நாணயம் குறையாது.

பொதுவாகவே நம் வணிகர்களிடையே எல்லாம் புதிதாகத் தெரிய வேண்டும் என்ற மோகம் கூடி விட்டது. கடையின் முகப்பை மாற்றலாம், பலகையை மாற்றலாம், விளக்கை மாற்றலாம், அவை தேவைதான். ஆனால் முப்பது வருடம் ஒரே இடத்தில் இருந்து வியாபாரம் செய்தவருக்கு வாடிக்கையாளர் தரும் மதிப்பு, அந்த முப்பது வருடத்துக்காகவே. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் கையில் சில கோடுகள் விழுந்த ஒரு நல்ல வாட்ச் இருந்தால், இவர் நேற்று முளைத்தவர் அல்ல என்று அது சொல்லும். அந்தச் சாட்சியைத் தேய்த்து அழிப்பானேன்?

ஆகவே வணிக அன்பர்களிடம் நாம் வேண்டுவது இவ்வளவுதான். அழுக்கைக் கழுவுங்கள், கீறலை விட்டு விடுங்கள். மனம் கேட்கவில்லை என்றால் விவரம் அறிந்தவரிடம் காட்டி, எவ்வளவு உலோகம் போகும் என்று கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நல்லெண்ணத்தில் செய்யும் நஷ்டத்துக்கு யாரையும் கடிந்துகொள்ளவும் முடியாது. முதலைக் குறைத்து லாபம் காட்டும் கணக்கை எந்த வணிகரும் ஏற்பதில்லை. கையில் கட்டியிருக்கும் வாட்சுக்கும் அதே கணக்குதான்.